தரையைத் தொடாத கவுன்

ஜனவரி 2, வியாழன்

பெட்டியிலிருந்து கவுனை வெளியே எடுத்தாயிற்று. ஒன்றரை வருடம் அந்துருண்டையோடு குடித்தனம் நடத்தியதில் அதன் வாசனையே கவுனுக்கும் வந்துவிட்டது. அம்மா அதைச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். சன்னல் பாதி அடைபட்டுப் போயிற்று.

நானே வெட்டி, நானே தைத்த கவுன். தூத்துக்குடியில் எத்தனையோ பெண்களுக்குக் கவுன் மாட்டிப் பீடத்துக்கு அனுப்பியவள் நான். எனக்கென்று தைக்கும்போது கஞ்சத்தனம் பார்க்கவில்லை. இடுப்பு வரை கச்சிதம். அதற்குக் கீழே கூடாரம். உள்ளே ஆறு அடுக்கு கேன்கேன் வலை, பின்னால் தரையில் புரளும் நீள வால். நின்றால் இளவரசிதான். ஆனால் நிற்க வேண்டும்.

உப்பு லாரி என் திட்டத்தில் இல்லை. ஸ்கூட்டரில் கடைக்குப் போனவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீல்சேரில் திரும்பி வந்தேன். இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. அப்போது தள்ளிப்போன கல்யாணம் இந்த மாதம் 29-ம் தேதி நடக்கப்போகிறது.

உட்கார்ந்தபடியே கவுனைப் போட்டுப் பார்த்தேன். கேன்கேன் மொத்தமும் பொங்குகிற பால் மாதிரி மடியிலிருந்து எழும்பி என் மோவாயைத் தொட்டது. அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் சிரித்ததற்காக அழுதாள். நான் சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன்.

"புதுசா ஒண்ணு எடுத்துருவோமாட்டி?" என்று கேட்டாள்.

முடியாது. மாப்பிள்ளை அதே டெல்வின் ரோச்தான், கவுனும் அதே கவுன்தான். உருவத்தை மட்டும் மாற்றப்போகிறேன். பாவாடையை இன்னும் அகலமாக்கி இரண்டு சக்கரத்தையும் மூடிவிட்டால் தீர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஒரு குஞ்சுக்கும் எதுவும் தெரியாது. திட்டம் பிரமாதம்.

ஜனவரி 4, சனி

மோட்டார் தையல் மெஷினின் மிதியை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தித் தைக்கிறேன். முதலில் ஊசி குதிரை மாதிரி ஓடியது. இப்போது முழங்கைக்கும் பக்குவம் வந்துவிட்டது.

அப்பா வந்து பார்த்துவிட்டு, "கையி வலிக்கலையா?" என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்கு எல்லாமே எடை தூக்கும் கணக்குதான்.

"வலிக்கி. வலிக்கிற எடம்னு ஒண்ணு இருக்கேன்னு சந்தோசப்படுங்கப்பா."

அவர் சந்தோஷப்படவில்லை. தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தார்.

ஜனவரி 6, திங்கள்

முதுகுப்பக்க முத்துகளை எல்லாம் பிளேடால் அறுத்து எடுத்தேன். ஜிப்பையும் பிரித்துப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனேன். கீழ்முதுகில் ஒரு முத்து அழுத்திக்கொண்டே இருந்தால்கூட எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு வலிக்கும், நெளிவார்கள். எனக்குப் புண் வந்த பிறகுதான் சேதி வரும்.

அந்த முத்துகளைக் கோக்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டே கோத்தேன். அறுக்கும்போதும் பாடினேன், பிடிவாதமாக. அம்மா வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டாள்.

ஜனவரி 8, புதன்

எமரென்சியா மாமி வந்தார்கள். டெல்வினின் அம்மா. கை நிறைய மக்ரூன். வந்ததும் கவுனைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அகலப்படுத்திய பாவாடையை விரித்து இரு பக்கமும் தொங்கவிட்டேன். சக்கரம், கால் வைக்கும் தட்டு, என் கால் எல்லாம் மறைந்துவிட்டன.

மாமி கை தட்டினார்கள். "ஏயப்பா! ஒண்ணுமே தெரியலயேட்டி! மாதா சொரூபம் கணக்கா இருக்க!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமி அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"கோயில் வாசல்ல படி இருக்குல்லா? டெல்வினோட சித்தப்பா மக்கமாரு நாலு பேரு இருக்கானுவ. சேரோட அப்படியே தூக்கிப் பீடத்துல கொண்டுபோய் வச்சிருவானுவ. சப்பரத்துல மாதா வார மாதிரி. நீ கையக் கூப்பிக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். எங்க சனத்துல பாதிப் பேருக்கு ஒனக்கு இப்படின்னே தெரியாது. தெரியவும் வேண்டாம், என்ன?"

சரி மாமி என்றேன். மாமி நல்லவர்கள். மக்ரூனும் நன்றாக இருந்தது. மாமி நல்லவர்கள்தான்.

போனபின் கண்ணாடியில் பார்த்தேன். சொரூபத்துக்கும் பாவாடைக்கு அடியில் கால் கிடையாது. வெறும் மரச்சட்டம்தான். திருவிழா முடிந்ததும் கொண்டுபோய்க் கூண்டில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

ஜனவரி 9, வியாழன்

கேன்கேனைப் பிரித்துவிட்டேன். ஆறு அடுக்கும்.

ஜனவரி 10, வெள்ளி

வீட்டில் ரணகளம். வலையெல்லாம் கட்டில்மேல் குவிந்து கிடப்பதைப் பார்த்து அம்மா தலையில் கை வைத்தாள்.

"நல்லாத்தானட்டி இருந்துச்சு! மாமியே நல்லாருக்குன்னுட்டாகளே!"

"அதான் பிரிச்சேன்."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? இப்ப என்ன பண்ணப்போற?"

பாவாடையை ஒட்ட வெட்டப்போகிறேன் என்றேன். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நேராக, உடம்போடு ஒட்டி, மடியில் சுருங்காமல். இரண்டு பக்கமும் சக்கரம் பளிச்சென்று தெரியும். கல்யாணத்துக்கு வருவது நான். என் கால்தான் சக்கரம். அதற்கு எதற்கு முக்காடு?

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்குக் கண்ணு தெரியுதுன்னு சொல்லும்."

அம்மா சோற்றை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். குழம்பில் உப்பு அதிகம். வேண்டுமென்றே போட்டிருக்கிறாள்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கவும் என்று வாசிப்பார்கள். என் பேர் வாசித்ததைக் கேட்க அம்மாவும் அப்பாவும் போனார்கள். எனக்குத் தலைவலி.

டிவியில் பூசை பார்த்தேன். அதுவும் பூசைதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் விடுமுறை, தெருவெல்லாம் கரும்பு. நான் வாலை வெட்டினேன். கத்தரிக்கோல் ஓடுகிற சத்தம் சுகமாக இருந்தது.

ஆனால் ஒரு கூத்து நடந்துவிட்டது. சேரில் உட்கார்ந்து என் இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு நானே டேப் பிடிக்க எட்டவில்லை. அம்மாவைக் கூப்பிட ரோஷம் விடவில்லை. கட்டிலில் படுத்து, காலைத் தூக்கி வைத்து, வளைந்து நெளிந்து அளந்தேன். ஊருக்கே அளவெடுத்த எனக்குத் தெரியாதா, படுத்த அளவு வேறு, உட்கார்ந்த அளவு வேறு என்று? தெரியும். ஆனாலும் வெட்டிவிட்டேன். சேரில் ஏறிப் போட்டுப் பார்த்தால் துணி மேலே இழுத்துக்கொண்டு கெண்டைக்கால் பாதியில் நிற்கிறது.

கண்ணாடியில் என் கால்களைப் பார்த்தேன். ரொம்ப நாள் கழித்து. மெலிந்து போயிருக்கின்றன, என்னுடையவை மாதிரியே இல்லை. வீட்டில் எப்போதும் நைட்டிதான், கண்ணில் படாது. அழுகை வந்தது, அழுதேன். வெட்டின வால் துணி கிடக்கிறது, அதில் ஒரு பட்டை வைத்துக் கீழே நீட்டிவிடலாம். ஊசியில் நூலும் கோத்துவிட்டேன்.

அப்புறம் நூலை உருவிப் போட்டேன். இருக்கட்டும். எப்படியிருந்தாலும் என் கால்தானே. கீழ் ஓரத்தை மடித்து, அறுத்தெடுத்த முத்துகளை அங்கே வைத்துத் தைத்தேன். அங்கே யாரையும் குத்தாது.

ஜனவரி 17, வெள்ளி

பங்குச் சாமியார் வந்தார். சின்ன வயதுக்காரர். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார். அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு ஒருவழியாகச் சொன்னார்.

"செலஸ்டினா, தப்பா எடுத்துக்கக்கூடாது. ஓலை வாசிச்ச பிறகு ஒருத்தங்க வந்து கேட்டாங்க. ஒன் உடம்பு இப்படி இருக்கும்போது... கல்யாணம் செல்லுமா, தாம்பத்தியத்துக்குத் தடை இருக்கான்னு. சட்டப்படி நான் உன்ட்ட கேக்க வேண்டியிருக்கு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் படுக்கையறையைக் கோயில் முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள்.

"யாரு சாமி கேட்டா?"

"அது வேண்டாமே."

"தடையில்ல. டெல்வின வச்சிக்கிட்டே டாக்டர் எல்லாம் சொல்லியாச்சு. பிள்ளையும் பெறலாம்னுட்டாரு. டாக்டர் தாள வேணும்னா கொண்டாந்து தாரேன். டெல்வினுக்கு எதுவும் தடை இருக்கான்னு யாரும் கேக்கலையா?"

"இல்லையே."

"கேட்டிருக்கணும். அவன் பஸ்ல உக்காந்துகிட்டே கொறட்டை விடுவான்."

சாமியார் சிரித்தார், காப்பி அங்கியில் சிந்தியது. தாளெல்லாம் வேண்டாம், நீ சொன்னதே போதும் என்றார். வாசலில் நின்று, "ரெண்டு ஓலை பாக்கி இருக்கு. நீயும் பூசைக்கு வரலாம்லா? ஒன்னப் பாத்தே ரொம்ப நாளாச்சு" என்றார்.

வருகிறேன் சாமி என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இரண்டாம் ஓலை. போக முடியவில்லை. சேரின் டயரில் காற்று இல்லை.

சாயங்காலம் டெல்வின் வந்தான். வள்ளம் கட்டும் பட்டறையில் வேலை, சட்டையெல்லாம் மரத்தூள். ஏன் வரவில்லை என்று கேட்டான். டயரைச் சொன்னேன். அவன் குனிந்து இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். இரண்டும் கல் மாதிரி இருந்தன. கவுனைக் காட்டச் சொன்னான், காட்டினேன். வெட்டு நன்றாக இருக்கிறது என்றான்.

"ஒன் இஷ்டம்போல தச்சிருக்க, சரி. ஒண்ணு கேக்கட்டா? ஆஸ்பத்திரிலருந்து வந்து எத்தன மாசமாச்சு? அந்தக் கேட்டத் தாண்டி ஒருநாளாவது போயிருக்கியா?"

"வெயிலு."

"மார்கழிலயுமா?"

போடா என்றேன். போகவில்லை. உட்கார்ந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"சக்கரம் தெரியணும்னு தச்ச. யாருக்குத் தெரியணும், அம்மாவுக்கும் எனக்குமா? நாங்க தெனம் பாக்கோம்" என்றான் மெஷினைப் பார்த்தபடியே.

அதற்குப் பிறகு வேறு விஷயம் பேசினோம். என்னவென்று ஞாபகமில்லை. கோபத்தில் எனக்குக் காது கேட்கவில்லை. அவன் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். எழுதிவிட்டேன், போதும்.

ஜனவரி 22, புதன்

அப்பாவிடம் ஸ்பேனர் எடுத்துவரச் சொன்னேன். சேருக்குப் பின்னால் தள்ளுவதற்கு இரண்டு கைப்பிடி இருக்கின்றன அல்லவா, அவற்றைக் கழற்றச் சொன்னேன். கைப்பிடி இருந்தால் கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருத்தருக்கும் கை பரபரக்கும். பெண் போகும் வேகத்தை யார் யாரோ முடிவு செய்வார்கள்.

கழற்றிவிட்டு அப்பா கைப்பிடிகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அப்போ நான் எதப் புடிச்சிக்கிட்டு வாரது?"

இதை நான் யோசிக்கவேயில்லை. அப்பா கையைப் பிடித்துப் பெண் வருவதுதான் வழக்கம். என் இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும். அவர் அந்த வழக்கத்துக்காகக் கோட் தைக்கக் கொடுத்திருக்கிறார்.

"பூச்செண்ட நீங்க புடிச்சுக்கோங்க."

"நானா? பொண்ணு மாதிரியா?"

"எனக்கு ரெண்டு கைதானப்பா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையில் அகப்பையைக் குத்துவிளக்கு மாதிரி ஏந்திக்கொண்டு நடந்து பார்த்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

போனேன்.

கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை சக்கரத்தை நிறுத்திவிட்டேன். தெருமுனைப் பூக்காரி, "செலஸா? ஏயப்பா, வளந்துட்டியே!" என்றாள். உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து வளர்ந்துவிட்டாய் என்றால் என்ன சொல்வது? வாய் தவறி வந்ததுதான். சிரித்துவிட்டேன், பயம் பாதி போய்விட்டது.

கோயில் வாசலில் டெல்வின் பட்டறைப் பலகைகளை இறக்கிச் சாய்தளம் போட்டு வைத்திருந்தான். கல்யாணத்தன்றைக்கென்று செய்தது. நான் வருவேன் என்று அவனிடம் சொல்லவேயில்லை. ஞாயிறுதோறும் போட்டு வைக்கிறானா என்று கேட்டதற்கு, "வள்ளம் எப்ப வேணா கடல்ல எறங்கும், பலக போட்டுத்தான் வைக்கணும்" என்றான். ஏறும்போது பின்னால் வந்தான், தொடவில்லை.

நடுப்பாதையில் நான் போகப் போக, வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. சக்கரத்தின் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைக்கவில்லை. கடைசிப் பெஞ்சோடு நின்றுவிடலாம் என்று தோன்றியது. நிற்கவில்லை. முன்னால் போய்ப் பெஞ்சு ஓரமாக நிறுத்தினேன்.

"கஸ்பார் ரோச், எமரென்சியா இவர்களின் மகன் டெல்வினுக்கும், தாமஸ் மச்சாது, ரெஜினா இவர்களின் மகள் செலஸ்டினாவுக்கும்... மூன்றாம் முறை." தடை ஏதும் தெரிந்தால் என்று சாமியார் வாசித்தபோது, சேரைச் சனங்கள் பக்கம் திருப்பினேன். எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் திருப்பினேன். சாமியார் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்தினார். ஒரு கைக்குழந்தை மட்டும் சத்தம் போட்டது. அதை ஆட்சேபணையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எமரென்சியா மாமி எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, என் பக்கத்துப் பெஞ்சு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பூசை முடிந்து வெளியே குடியரசு தினக் கொடி ஏற்ற எல்லாரும் போனபின்பும் எழவில்லை.

"சாமியார்ட்ட கேட்டது நாந்தான்."

எனக்குத் துளியும் தெரியாது. "தெரியும் மாமி" என்றேன்.

"எனக்கு அவன் ஒத்தப் பிள்ளட்டி. பேரப்பிள்ளைய நெனச்சேன். தப்புதான்."

"என்ட்டயே கேட்டிருக்கலாம்லா மாமி?"

"ஒன்ட்ட கேக்கவா? ஒனக்கு முன்னால வாயத் தொறக்கவே எனக்கு பயம்."

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் மாமி என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது இனிப்பாக இருந்தது. போகும்போது என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார்கள். சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஒரே கறுப்பு. "கல்யாணத்தன்னைக்கு இதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்றார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

மாமி வெள்ளை லேஸ் கையுறை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. சமாதானத்துக்கு இது ஒன்றையாவது போட்டுக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்க எனக்கே அலுப்பாக இருக்கிறது.

கடைசித் தையல் முடிந்தது. இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டாள் அம்மா. சன்னல் இப்போது முக்கால்வாசி தெரிகிறது. "சின்னதாத்தான் இருக்கு. ஆனா நீ போட்டா ஒன்ன மாதிரி இருக்கு" என்றாள். அம்மாவிடமிருந்து இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. இன்று குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

நேற்று எழுத நேரமில்லை. கல்யாணம் ஆகிவிட்டது.

டெல்வின் பீடத்தடியில் காத்திருந்தான். நான் சாய்தளத்தில் ஏறினேன். பாதியில் கையுறை வழுக்கிற்று. லேஸ் சக்கரத்தைப் பிடிக்கவில்லை. சேர் பின்னால் உருள ஆரம்பித்தது. கூட்டம் ஐயோ என்றது. சித்தப்பா மக்கள் நாலு பேரும் பாய்ந்து வந்து பின்னால் கைப்பிடியைத் தேடினார்கள். இல்லை. சேரையே தூக்கக் குனிந்துவிட்டார்கள். அவ்வளவுதான், சப்பரம் ஏறப்போகிறேன் என்று நினைத்தேன்.

"ஏல, யாரும் தொடாதீங்கல! அவளே வருவா!"

அப்பா. வாழ்நாளில் அதட்டிப் பேசாத மனுஷன். கோட் போட்டுக்கொண்டு, நெஞ்சோடு பூச்செண்டை அணைத்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பின்னால் தன் பூட்ஸ் காலை மட்டும் முட்டுக் கொடுத்து நின்றார்.

கையுறைகளைப் பல்லால் கடித்து இழுத்தேன். மாமி கை நீட்டினார்கள், அவர்களிடமே கொடுத்தேன். வெறுங்கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துத் தள்ளினேன். பலகைத் தூசி, டயர்க் கறுப்பு எல்லாம் கையில் அப்பியது. மேலே வந்துவிட்டேன். நடுப்பாதை முழுக்க எனக்குப் பக்கத்தில் அப்பா பூச்செண்டைப் பிடித்தபடி நடந்தார். சனம் என்னைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தது. அவர் வெட்கப்படவில்லை. நான் பயப்படவில்லை. இது பொய், பயந்தேன். ஆனாலும் நிற்கவில்லை.

வலது கைகளைச் சேர்த்துப் பிடியுங்கள் என்றார் சாமியார். என் உள்ளங்கை அடுப்புக்கரி மாதிரி இருந்தது. யோசிக்காமல் மடியில் அழுத்தித் துடைத்துவிட்டேன். அத்தனை நாள் தைத்த வெள்ளைச் சாட்டினில் ஐந்து விரலோடு ஒரு முழுக் கை பதிந்துவிட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி முன்வரிசையிலிருந்து கைக்குட்டையோடு எழுந்தார்கள். டெல்வின் அதற்குள் என் கையைப் பிடித்துவிட்டான். அவன் கையும் கறுப்பாயிற்று. மாமி அப்படியே உட்கார்ந்து, அந்தக் கைக்குட்டையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இன்று காலையில் அம்மா வந்தாள். கூடவே ஒரு வாளி சோப்புத் தண்ணீர். கறை உடனே நனைத்தால்தான் போகும், எலுமிச்சம்பழமும் கொண்டுவந்திருக்கிறேன், கவுனைக் கொடு என்றாள்.

வாளியை முற்றத்தில் கவிழ்க்கச் சொல்லிவிட்டேன்.